நின்று பார்ப்பவர்க்கே

சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே நாள்தோறும் பிரயாணம் செய்வோருள் பெரும்பாலோர்க்குப் பெரம்பலூர் என்பது தேநீர் அருந்தச் சில நிமிஷங்கள் இறங்கி ஏறும் ஓர் இடமாகவும், அதன் கிழக்கே உள்ள அரியலூர் சிமெண்டு ஆலைகளோடு சேர்த்துக் கேள்விப்படும் ஒரு பெயராகவுமே இருந்து வருகின்றன. பொருட்செலவின்றிக் கிடைக்கும் எளிய ஆனந்தங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவை ஓடுகிறவன் கண்ணுக்கு அகப்படுவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் சந்நிதி, விசேஷ நாட்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். ஏனைய நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது ஊராரின் நம்பிக்கை. அவள் வரும் நாளுக்கு மனிதன் தன் நாளை இசைத்துக்கொள்ள வேண்டுமேயன்றி, அவன் அவசரத்துக்கு அவள் இசைவதில்லை என்னும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இப்பகுதியின் நிதானம் தமிழுக்குச் செய்த உபகாரம் சாமானியமானதன்று. உ. வே. சாமிநாதையர், 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்த தம் சரித்திரத்தில், பாலியத்தில் அரியலூரிலும் குன்னத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கழித்த காலத்தை மிகுந்த வாஞ்சையோடு நினைவுகூர்கிறார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் ஊர் ஊராகத் தங்கி, அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களைக் கொண்டு இராமாயணப் பிரசங்கம் செய்வார். கதை நாட்கணக்கில் வளரும். பகலெல்லாம் கழனியில் உழைத்த குடியானவர்கள் இரவில் வந்து அமர்ந்து கேட்பார்கள். பிள்ளைக்குத் தமிழ்ச் சுவையை முதலில் ஊட்டியவர் அரியலூர்ச் சடகோப ஐயங்கார். பின்பு சாமிநாதையர் கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் கேட்டறிந்தார். ஓர் ஆசிரியரைத் தேடிச் சென்று, குடும்பத்தோடு அவ்வூரிலேயே தங்கி, அவர் சொல்வதைச் சொல்லச் சொல்லக் கேட்பதே அக்காலத்துக் கல்வி. பிற்காலத்தில் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் ஏடு ஏடாக ஒப்புநோக்கிப் பதிப்பித்த அந்தப் பொறுமைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பெற்றது என்பது என் துணிபு.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டாகும். முதலாம் இராஜேந்திரன் எடுப்பித்த, சுமார் 55 மீட்டர் உயர்ந்த விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தியின் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அரைமணியில் வண்டியேறிவிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்க்கோடாக மேலேறுகிறது. இதுவோ உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. அந்த வளைவின் நளினம், புல்தரையில் உட்கார்ந்து, வெயில் சாயச் சாய நிழல் இடம் மாறுவதைக் கவனித்தாலன்றி மனத்தில் பதியாது. வடபுறப் படிகளின் அருகே சண்டேசானுக்கிரக மூர்த்தியின் சிற்பம் இருக்கிறது. உமையோடு வீற்றிருக்கும் இறைவன், தன் காலடியில் கைகூப்பித் தலைதாழ்த்தி அமர்ந்திருக்கும் அடியவனாகிய சண்டேசனுக்குத் தன் கையாலேயே மாலையைச் சுற்றிச் சூட்டுகிறான். முதலில் கண்ணில் படுவது இறைவனின் கம்பீரம். சற்று நேரம் நின்றால் அந்த விரல்களின் மென்மை தென்படும். பின்னும் நின்றால், மாலை சூடுகிறவனுடைய முகத்தின் பணிவு நம்மையும் பணியச் செய்யும். அருகே சிறு சிறு சிற்பங்களாக, அந்தச் சண்டேசன் ஆநிரை மேய்த்த பிள்ளையாயிருந்தபோது மணலில் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்ததும், சினந்து வந்த தந்தை தடுத்ததும் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் காணாமலே போகிறார்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இக்கோயிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அந்த அணையால் வயல்கள் வாழ்ந்தன என்றாலும் நெஞ்சு ஆறவில்லை. எஞ்சியிருப்பதையாவது நின்று பார்க்க வேண்டாமா?

கரைவெட்டி ஏரியின் இன்பம் வேறு வகையானது. அங்கே நம் கண்ணுக்கு மட்டுமன்றி நாவுக்கும் காலுக்கும் அடக்கம் வேண்டும். மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் இவ்வேரி, சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சர் சாசனத்தின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இங்கு வரும் விருந்தினருள் முதன்மையானது வரித்தலை வாத்து. வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய பட்டைகளையுடைய இப்பறவை, மங்கோலியா, திபெத்து முதலிய உயர்ந்த பீடபூமிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. மெலிந்த காற்றிலும் பிராணவாயுவை நன்றாகப் பற்றிக்கொள்ளும் தன்மை அதன் இரத்தத்துக்கு உண்டு. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும், மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே உயர்ந்தும் தாழ்ந்தும் பறந்து, தன் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்த பறவை, பகற்பொழுதின் பெரும்பகுதியை ஏரி நீரில் மிதந்து ஓய்வெடுப்பதிலேயே கழிக்கிறது. அதைக் காண வந்த மனிதனோ கரையில் கால்மணி நேரம் நின்று, ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்துத் திரும்பிவிடுகிறான். ஒரு மணி நேரம் அசையாதிருந்தவனுக்குத்தான், ஒன்றாகத் தோன்றிய கூட்டத்துக்குள்ளே குடும்பங்கள் பிரிந்து தெரியும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதும், நாமக்கோழிகள் கரையோரத்தில் பூசலிடுவதும், ஒரு வாத்து தலையை உயர்த்திக் குரல் கொடுத்ததும் மற்றவை நிமிர்வதும் அப்போதுதான் புலனாகும். இதற்குப் பெரிய செலவும் இல்லை, கற்ற கல்வியும் தேவையில்லை. உழைத்து அலுத்தவர்க்கும் வயது முதிர்ந்தவர்க்கும் சிறுவர்க்கும் ஒருங்கே கிடைக்கும் இத்தகைய சந்தோஷத்தை, அவகாசம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நம்மவர் இழந்துகொண்டிருப்பது மிகவும் பரிதாபமானது.

போக விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் பொழுது புலர்வதற்குள் ஏரிக்கரையை அடைந்துவிடுவது நல்லது. பளிச்சென்ற நிறமுள்ள ஆடைகளைத் தவிர்த்து, இயன்றால் ஒரு பைனாகுலரையும், காலை உணவுக்கு ஒரு பொட்டலத்தையும் எடுத்துச் செல்லலாம். பொட்டலம் கட்டிய காகிதத்தைக் கரையில் விட்டுவிடலாகாது. கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று கணக்கிட வேண்டாம். அதற்கென்று வேறொரு நாளை ஒதுக்கி, பிற்பகலில் ஜயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய், நடை சாத்தும் வரையில் இருந்துவிட்டு வரலாம்.