பொதியும் பதிவேடும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் நீர் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குளங்களுக்கு வருவதை நாம் அறிவோம். தலைமடையில் ஒருவர் புது வாய்க்கால் வெட்டினால் கடைமடைக் குளம் வறளும். லினக்ஸ் கணினியின் பதிவேட்டிற்கும் இஃது ஒக்கும்.

சென்னையிலுள்ள ஸீடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன் ஆகும். டெபியனில் ஆர்சிஸ்லாக் என்னும் நிரல் நிறுவப்பட்டிருப்பின், அது செய்திகளை வகுத்து ஏடுகளில் எழுதும். அதன் விதிக்கோப்புகள் ஓர் அடைவில் இருந்து, பெயர் வரிசைப்படி வாசிக்கப்படும். ஹெச்ஏபிராக்ஸி என்னும் பொதியை நிறுவுங்கால், 49 என்னும் எண்ணில் தொடங்கும் கோப்பொன்று அவ்வடைவிற் புகும். அது தன் செய்திகளைத் தனி ஏட்டில் எழுதி, அப்பால் செல்லவொட்டாமல் நிறுத்திவிடும். ஆதலின் பின்வரும் நம் விதிகளுக்கும் பொது ஏட்டிற்கும் அவை எட்டா. பழுது நேர்ந்த நாளில் பொது ஏட்டை மட்டும் புரட்டுவோர் சான்று காணாது திகைப்பர்.

சிஸ்லாக்-என்ஜி என்னும் மாற்று நிரலை நிறுவினாலோ, ஆர்சிஸ்லாக்கே நீக்கப்படும். நாம் வகுத்த விதிகள் கோப்பில் இருந்தும் பயன்படா.

ஆகவே, நிறுவுமுன் அடைவின் பட்டியலைக் குறித்துவைத்துப் பின்னர் ஒப்பிடுக. முந்த வேண்டிய விதியை 10 என்னும் எண்ணிட்ட கோப்பில் எழுதுக. லாக்கர் என்னும் கட்டளையால் சோதனைச் செய்தியொன்று விடுத்து, அது எவ்வேட்டைச் சேர்கின்றதெனக் காண்க. மடையைத் திறந்தவன் கடைமடை வரை நடந்து பார்த்தல் முறையன்றோ!