பெருங்காய டப்பாவோடு நின்ற அம்மா

மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குத் தவறாமல் வரும் அம்மா ஒருவர். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் நூறு பேருக்குச் சாம்பார் வைத்த கை. போன மாதம் வீட்டில் நாலு பேருக்கு வைக்கையில், புளியைக் கரைத்துவிட்டு, பெருங்காய டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டார். அடுத்து என்ன என்பது ஓடவில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் நினைவிருக்கிறது. "வயசாச்சு இல்லையா" என்று மகன் விட்டுவிட்டார்.

மறதி இல்லை, தடுமாற்றம்

அல்சைமரில் பெரும்பாலும் முதலில் நழுவுவது புதிய நினைவுகள். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டால், வேலையை வரிசைப்படுத்தும் திறனும் யோசிக்கும் வேகமும் முதலில் அடிவாங்கும். நடையும் தளரும். அல்சைமரும் இந்த ரத்தக்குழாய்க் கோளாறும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம்.

ஒரே விரல், இரண்டு மணி

ரத்தக்குழாய் இறுகுவதும் தளர்வதும் எப்படி? செல்லின் மேலுள்ள ஏற்பிகளை வாசல் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் ஏடி1 மணியை அழுத்தினால் ரத்தக்குழாய் இறுகும், அழற்சி கிளம்பும். அதே விரல் ஏடி2 மணியை அழுத்தினால் பெரும்பாலும் எதிர்மாறு: குழாய் தளரும். மெல்பர்னுக்கும் இந்த ஏற்பிகள் பற்றிய ஆய்வில் பங்குண்டு. அதே குடும்பத்து ஆஞ்சியோடென்சின் 4 போய் ஒட்டும் ஏற்பி உண்மையில் ஒரு நொதிதான் என்று 2001-இல் சொன்னது இங்கிருந்த ஹோவர்ட் ஃப்ளோரி நிலையத்தின் குழு. நினைவாற்றலுக்கு அதிலிருந்து மருந்து எடுக்க முடியுமா என்ற தேடல் அதன்பின் வளர்ந்தது.

பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்குழாயே அடைபட்டால் கதை வேறு. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெள்ளமாய்ப் பெருகி என்எம்டிஏ என்ற வேறு வகை ஏற்பிகளைத் திறந்துவிடும்; கால்சியம் உள்ளே பாயும்; நரம்புச் செல் சாகும்.

பிரஷர் மாத்திரை

சார்டன் வகை மாத்திரைகள் ஏடி1 மணியை அடைக்கின்றன. பெரிண்டோப்ரில் போன்றவை அழுத்தும் விரலையே குறைக்கின்றன. பக்கவாதமோ அதன் முன்னோட்டமோ வந்த 6,105 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், பெரிண்டோப்ரில் சார்ந்த சிகிச்சை மறுபடி பக்கவாதம் வருவதை 28 சதவீதம் குறைத்தது. மூளைக்கான ஆதாயம் பிரஷர் இறங்குவதாலா, ஏற்பியாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு அந்த வாதத்தில் அக்கறையில்லை. மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் டெல்மிசார்டன் அட்டையில் பதினோரு மாத்திரை மிச்சமிருந்தது. கணக்குப்படி இரண்டுதான் இருக்க வேண்டும். "பிரஷர் நார்மலாயிடுச்சே, அதான் நிறுத்திட்டேன்" என்றார்.

ஜிபியிடம் கூட்டிப்போகும்போது அட்டையையும் கொண்டுபோங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராவிட்டால் 131 450-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நினைவுக் கோளாறு பற்றிப் பேச டிமென்ஷியா உதவி எண் 1800 100 500. முகமோ வாயோ திடீரெனக் கோணினால், பேச்சு குழறினால், கை தூக்க வராவிட்டால் இதெல்லாம் வேண்டாம், நேராக 000.