பேரைச் சொல்லுங்கம்மா

“வீட்டுக்காரர் பேரு என்னம்மா?”

கேட்டவர், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார். கக்கத்தில் நீளமான படிவம், கையில் பேனா. திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் முறத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “பழனி மலையில கோவணத்தோட நிக்கிறாரே, அந்தச் சாமி பேருதான்” என்றார். வாத்தியார் ‘தண்டபாணி’ என்று எழுதிக்கொண்டார். “உங்க பேரு?” என்று கேட்டதற்கு, “என் பேரு எதுக்குங்கய்யா?” என்ற பதில்தான் வந்தது.

அந்தக் காலத்தில் பல ஊர்களில் கண்ட காட்சி இது. இப்படிப் பெயர் சொல்லாமலிருக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. கேட்ட கேள்விக்குத் தெரிந்தவரை உண்மையைச் சொல்வது கடமை என்கிறது 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம். ஆனால் வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கணவர் பெயரைச் சொல்லும்படி மனைவியையும் வற்புறுத்தக் கூடாது என்று அதே சட்டம் விலக்களிக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பைத்தான் கானேசுமாரி, குடிமதிப்பு என்றெல்லாம் நம் முன்னோர் சொன்னார்கள். 1871இல் சென்னை மாகாணத்தில் தலை எண்ண வந்தபோது, புது வரி போடத்தான் வருகிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதும் ஒரே இரவில் எண்ணினார்கள். 1931 வரை அப்படி ஒரே இரவுக் கணக்குதான்.

இன்று முறை மாறிவிட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1ஆம் தேதி நிலவரப்படி எண்ணுகிறார்கள். நீளப் படிவத்துக்குப் பதில் கணக்கெடுப்பாளர் கையில் செல்பேசி. விரும்பினால் நம் விவரத்தை நாமே இணையத்தில் பதிந்துவிட்டு, கிடைக்கும் அடையாள எண்ணை அவரிடம் காட்டினால் போதும். 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் கணக்கில் ஏறுகின்றன. 1951இல் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக்கூட எழுத்துத் தெரியாது. 2011இல் 64 பேருக்கு மேல் தெரிந்திருந்தது. ஆக, அன்று பெயர் சொல்லாத அம்மாளின் பேத்தி, வீட்டார் அத்தனை பேர் விவரத்தையும் தானே பதிய முடியும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குச் சேலம் பதில் சொல்லும். 1991 கணக்கில், தமிழகத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 948. சேலம் மாவட்டத்திலோ 849. பிறந்த பெண் சிசுக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊர் மூடி மறைத்தது, எண் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே, வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. 2011இலும் மாநிலக் கணக்கு 943தான். அதனால் வீட்டில் ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை என்ற கேள்வியை இன்னும் கேட்டாக வேண்டும்.

இன்னொரு பதிலும் மாற வேண்டும். விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நாற்று நட்டு, களை பறித்துவிட்டு வந்த பெண்ணைப் பற்றி, “வீட்ல சும்மாதான் இருக்கா” என்று சொல்கிறோம். அந்தச் ‘சும்மா’வை நம்பி எழுதினால் அவள் உழைப்பு நாட்டுக் கணக்கில் சேராது. சொந்த வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான் என்று 1991இல் கேள்வியிலேயே சேர்த்துவிட்டார்கள். கேள்வி திருந்திவிட்டது. பதில்தான் பாக்கி.

பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லும் விவரத்தை எடுத்துப் பார்க்க வெளியார் யாருக்கும் உரிமையில்லை. கணக்கெடுப்புச் சட்டத்தை மீறியதற்கான வழக்கைத் தவிர வேறெதிலும் அதை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்கவும் முடியாது என்று அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உறுதி தருகிறது. வங்கிக் கணக்கு எண்ணோ ஏடிஎம் ரகசிய எண்ணோ கணக்கெடுப்பில் கேட்பதில்லை. யாராவது கேட்டால் சொல்லாதீர்கள்.

வெயிலில் அலைந்து வருபவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். கைக்குழந்தையையும், கட்டிலோடு கிடக்கும் பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். அம்மா, உங்கள் பெயரையும் நீங்கள் செய்யும் வேலையையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.