அலைக்குழலினுட் புகுந்து மீளுதல்

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய் என்னும் தீவுக்கூட்டம் உளது. அங்குள்ள மக்கள் பன்னூறாண்டுகளாகப் பயின்றுவரும் நீர்விளையாட்டு ஒன்றனை அவர்தம் மொழியில் 'ஹேயே நலு' என்பர். 'அலைமேல் வழுக்கிச் செல்லுதல்' என்பது அதன் பொருள். கரைநோக்கி வரும் அலையின் முகத்தில், பலகையொன்றின்மீது நின்றவாறு விரைந்து செல்வதே அவ்விளையாட்டு. 1779-ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பலில் அங்குச் சென்றிருந்த ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி இதனைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். 1912-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் நீச்சற் பந்தயத்தில் வெற்றிபெற்ற ஹவாய் வீரர் டியூக் கஹனமோக்கு இதனைப் பிறநாட்டார்க்கும் காட்டிப் பரப்பினார்.

இவ்விளையாட்டின் வகைகள் அனைத்தையும் ஈண்டு விரித்துரைத்தல் எமது கருத்தன்று. சுவர்போற் செங்குத்தாய் எழுந்து, குழல்போல் வளைந்து விழும் அலையில் ஒருவர் எங்ஙனம் இறங்கி, அக்குழலினுட் புகுந்து, ஊறின்றி மீள்கின்றார் என்னும் ஒன்றனையே ஆராய்வோம். காண்பார்க்கு இது வெறுந் துணிச்சலாகத் தோன்றும். உற்று நோக்கின், துணிவினும் அறிவே இங்கு முற்பட்டு நிற்றல் புலனாகும்.

முதலாவது, அலை குழலாக வளைவதேன் என்பதை அறிதல் வேண்டும். ஆழ்கடலில் அலை தடையின்றிச் செல்லும். கரையை அணுகி நீர் ஆழங் குறையுந்தோறும், அலை கடலின் அடித்தளத்தால் தடைபட்டு விரைவு குன்றி, உயரத்தில் மிகும். முகட்டினது விரைவோ அடிப்பகுதியினது விரைவை விஞ்சுதலின், முகடு முன்னோக்கிச் சாய்கிறது. மணற்றரை சிறிது சிறிதாக உயரும் கரையில், அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் முகடு நுரைத்துச் சரிந்துவிடும். இவ்வலை தொடக்கநிலை மாணாக்கர்க்கு ஏற்றது. ஆழ்ந்த நீரிலிருந்து பாறை திடீரென உயர்ந்து நிற்கும் இடத்திலோ அலைக்குச் சரிந்தடங்க நேரமில்லை. அதனினும் ஆழங்குறைந்த நீருக்கு வந்த பின்னரே அது உடைகிறது. அப்பொழுது முகடு ஒரு திரைபோல முன்னே வீசப்பட்டு அலையின் அடியில் விழுகிறது. அத்திரைக்கும் அலையின் முகத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடமே குழல்.

ஆகவே குழலை உண்டாக்குவது ஆழமின்மை. விழுந்தாரைப் பாறையில் மோதச் செய்வதும் அவ்வாழமின்மையே. அழகும் ஆபத்தும் இங்கு ஒரே காரணத்தினின்று பிறந்தவை. பின்வரும் முறைகள் யாவும் இவ்வொரு செய்தியையே அடிப்படையாகக் கொண்டவை.

ஓவாஹூத் தீவின் வடகரையிலுள்ள பைப்லைன் என்னும் இடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குளிர்காலத்தில் வடபசிபிக்கில் எழும் புயல்கள் அனுப்பும் பேரலைகள், இடையே தடுக்கும் நிலமின்றி வந்து அங்குள்ள பாறைத்திட்டின்மேல் மோதி உடைகின்றன. பிளவும் குகையுமாக அமைந்த அப்பாறை நீர்மட்டத்திற்கு மிக அண்மையிற் கிடப்பது. 1961 டிசம்பரில் பில் எட்வர்ட்ஸ் அவ்வலையில் ஏறிச் சென்றதைப் புரூஸ் பிரவுன் படம்பிடித்த பின்னரே அவ்விடம் உலகப்புகழ் எய்திற்று. அதற்குமுன் அஃது ஏறத்தகாத அலையென்றே பலரும் கருதியிருந்தனர்.

இனி, முறையைக் காண்போம். பலகை நீரைத் தொடுமுன்னரே வேலை தொடங்கிவிடுகிறது. அறிந்தவர் கரையில் நெடுநேரம் அமர்ந்து கடலை நோக்குவர். அலைகள் கூட்டங் கூட்டமாக வருவன. ஒரு கூட்டத்திற்கும் மற்றொன்றிற்கும் இடையே சிறிது அமைதி உண்டு. அவ்வமைதி எத்துணை நேரம் நிற்கிறது, அலை எவ்விடத்தில் முதலில் உடைகிறது, எவ்வலை ஒருபுறமாகத் தொடர்ந்து உருள்கிறது, எவ்வலை நெடுகிலும் ஒருங்கே மடிந்து விழுகிறது என்பவற்றை அவர் கணிப்பர். ஒருங்கே மடியும் அலையின் குழலுக்கு வெளிவாயில் இல்லை. அதனில் ஏறுதல் மடமை. கூட்டத்தின் முதலலையையும் பெரும்பாலும் விட்டுவிடுதலே நன்று. அதனில் விழுந்தால், பின்வரும் அலைகள் அனைத்தும் தலைமேல் விழும். இங்ஙனம் காத்திருக்கும் அறிவு நம் நாட்டார்க்குப் புதிதன்று. சென்னைக்குத் துறைமுகம் அமையாதிருந்த காலத்தில், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் மாந்தரையும் சரக்கையும் கரைசேர்த்த படகோட்டிகள், அலைகளின் இடைவெளி நோக்கிக் காத்திருந்தன்றோ உடையலையைக் கடந்தனர்!

நீரில் இறங்கியபின், கரையிலுள்ள மரம், வீடு போன்ற இரண்டு குறிகளை நேர்கோட்டில் வைத்து நோக்கித் தம் இடத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். ஒரு சில கோல் தொலைவு கரைப்பக்கம் ஒதுங்கினும் முகடு தலைமேல் விழும். கடற்பக்கம் ஒதுங்கினால் அலை கைக்கு எட்டாது.

அலை வந்ததும், பலகையில் குப்புறக் கிடந்தவாறே கைகளால் வலிந்து நீரைத் தள்ளி, கூடியமட்டும் முன்னதாகவே அலையினுட் புகுதல் வேண்டும். முன்னதாகப் புகுவார்க்கு எழுந்து நிற்க நேரமுண்டு. ஐயம் தோன்றின், பலகையின் பின்புறத்தை அலை உயர்த்துமுன்னரே விலகிவிடுதல் வேண்டும். உயர்த்திய பின் தயங்குபவர் ஏறவும் இயலாது, மீளவும் இயலாது, முகட்டோடு சேர்த்து அள்ளி வீசப்படுவர். செங்குத்தான அலையில் நேரும் கொடிய வீழ்ச்சிகளுள் பல இவ்வரைமனத்தால் விளைவனவே. ஐயுறுதற்கு ஒரு காலமுண்டு. அது கடந்தபின் ஐயமே பகை.

எழுந்து நிற்றல் ஒரே அசைவில் நிகழ்தல் வேண்டும். முழங்கால் ஊன்றி இரண்டு படியாக எழுவார்க்கு இவ்வலை இடங்கொடாது. கைகளை மார்பின் அருகே ஊன்றி, இரண்டு பாதங்களையும் ஒருங்கே பலகையின்மேற் கொணர்ந்து, முழங்கால்களை நன்கு மடக்கித் தாழ்ந்து நிற்றல் வேண்டும். பலகையை அலையின் அடிவாரத்தை நோக்கி நேரே செலுத்தின், அதன் முனை நீரிற் குத்திக்கொள்ளும். ஆதலின் தொடக்கத்திலேயே அதனை அலை உருண்டு செல்லும் பக்கமாகச் சற்றே திருப்பி, அலைப்பக்கத்து விளிம்பு நீர்ச்சுவரைப் பற்றுமாறு செய்வர். பார்வை காலடியில் வீழ்தல் ஆகாது. செல்லவேண்டிய இடத்திலேயே நிலைத்திருத்தல் வேண்டும். கண் சென்ற வழியே தோளும், தோள் சென்ற வழியே பலகையும் செல்லும் என்பது இக்கலையின் முதற்பாடம். அலைக்கு முதுகுகாட்டி நிற்க நேர்ந்தவர் பின் முழங்காலைத் தாழ்த்தி, பலகையின் வெளிவிளிம்பை ஒரு கையாற் பற்றிக்கொள்வர்.

குழலினுட் புகுவது விரைவைப் பொறுத்தது. மிகவிரைந்தால் குழலுக்கு முன்னே வெளியிலே சென்றுவிடுவோம். மிகத் தாழ்த்தால் திரை நம்மேல் விழும். ஆதலின் பின்காலை அழுத்தியோ, அலைச்சுவரிற் கையைத் தோயவிட்டோ விரைவைக் குறைத்து, திரை தம்மைக் கடந்து முன்னே விழவிடுவர். உள்ளே புகுந்தபின், பின்புறத்தில் நுரையும் காற்றும் கலந்த நீர் கொந்தளித்துத் தொடரும். அந்நுரை பலகையைத் தாங்காது. அதன்மேல் ஏறிவிட்டால் பிடிப்பு நழுவும். ஆதலின் முன்காலிற் சிறிது பாரம் வைத்து அதற்கு முந்திச் செல்லல் வேண்டும். சிலவேளைகளில் உள்ளே அடைபட்ட காற்று நீர்த்துளிகளோடு வாயில் வழியே பீறிட்டு வெளிவரும். அப்பொழுதும் கண்ணை வெளிச்சத்தினின்று எடுத்தலாகாது. 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பைப்லைன் பந்தயத்தில் வென்ற ஜெரி லோபஸ், இத்தகைய கொந்தளிப்பின் நடுவே தெருவில் நிற்பார்போல் அமைதியாய் நிற்பார். கைகால்களை வீணே அசையாமையே அவர் திறத்தின் சிறப்பு என்று கூறுவர்.

இனி, விழுதலும் கற்கவேண்டிய கலையே. 'ஆழந் தெரியாமற் காலை விடாதே' என்பது நம்மவர் பழமொழி. ஈண்டு ஆழமின்மை தெரியாமல் தலையை விடாதே என்று அதனை மாற்றிக் கூறலாம். ஒருபொழுதும் தலைகீழாகப் பாய்தல் ஆகாது. நேரே காலூன்றிக் குதித்தலும் ஆகாது, பாறைப்பிளவிற் கால் சிக்கும். உடலைப் பரப்பி, கூடியமட்டும் நீரின் மேற்பரப்பிலேயே விழுதல் வேண்டும். குழல் மூடப்போகிறது என்று கண்டால், முகட்டோடு சேர்ந்து வீசப்படாமல், அலைச்சுவரினுள்ளேயே சாய்ந்து புகுந்துவிடுதல் நலம். நீருட் புரளும்போது இரண்டு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளல் வேண்டும். அலையோடு போராடின் மூச்சு விரைவிற் செலவாகும். சில வினாடிகள் பொறுத்தால் அதுவே பிடியை விடும். மேலெழும்போதும் ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தியே எழவேண்டும். பலகை மேலே மிதந்துகொண்டிருக்கக் கூடும். எப்பக்கம் மேல், எப்பக்கம் கீழ் என்று தெரியாதபோது, கணுக்காலைப் பலகையோடு பிணைத்துள்ள கயிற்றைப் பற்றிச் சென்றால் அது மேற்பரப்பிற்கு வழிகாட்டும். தலைக்கவசம் அணிதலை இழிவென்று எண்ணுதல் பேதைமை.

நீரினுள் ஒழுங்கும் ஒன்றுண்டு. அலை உடையும் இடத்திற்கு மிக அண்மையில் இருப்பவர்க்கே அவ்வலை உரியது. அவர் செல்லும் வழியிற் குறுக்கிடுவார் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பவராவர். தனியே கடலிற் செல்லாமையும், அவ்விடத்து மக்களைக் கேட்டறிந்த பின்னரே இறங்குதலும் இவ்வொழுங்கைச் சார்ந்தவையே. 2024-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டின் பந்தயங்கள் டஹீட்டித் தீவில், பாறைத்திட்டின்மேல் குழலாய் உடையும் டேயாஹுபோ என்னும் அலையில் நடைபெற்றபோது, ஆடவர் பிரிவிற் பொற்பதக்கம் பெற்றவர் அத்தீவிலேயே பிறந்த கவுலி வாஸ்ட் என்பவர். தன் கடலை அறிந்தவனுக்கு அக்கடல் துணைநிற்கும் என்பதற்கு அது சான்றாகும்.

ஆயினும் அறிவும் முழுக்காப்பன்று. டேயாஹுபோவின் பேரலைகளில் புகழ்பெற்ற டஹீட்டி வீரர் மாலிக் ஜுவாயோ 2005 டிசம்பரில் பைப்லைனில் உயிர்நீத்தார். வல்லவர்க்கே இஃது நேருமாயின், பயிலாதார் அங்கு இறங்குதல் எத்துணைப் பிழை! மணற்கரையின் சிற்றலையிற் பல ஆண்டுகள் பயின்று, நீந்துதலிலும் மூச்சடக்குதலிலும் தேர்ந்து, படிப்படியாகவே இவ்வலைகளை அணுகல் வேண்டும்.

நண்பர்காள்! இவ்வலையிடத்து இருவர் தவறுகின்றனர். ஆராயாது பாய்பவர் ஒருவர்; ஆராய்ந்து முடிவுசெய்தபின்னும் தயங்குபவர் மற்றொருவர். கரையில் இருக்குமளவும் ஐயுற்று ஆராய்ந்து, ஏறியபின் முழுமனத்தோடு செல்பவரே குழலின் மறுபுறத்து வெளிச்சத்தைக் காண்கின்றார். 'இன்று என் அலையன்று' எனத் தெளிந்து, பலகையைத் தோளிற் சுமந்து வீடு திரும்புபவரும் அவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவரே.