வாகனமும் ஓர் அமானிதமே: பற்றரிச் செலவும் மறைக்கப்படும் குறையும்

 

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நமது மலையக நகரங்களில் வாகனம் என்பது இன்று வெறும் ஆடம்பரப் பொருளன்று. தோட்டத்திலிருந்து நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், மரக்கறி மூடைகளைச் சந்தைக்கு ஏற்றவும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும் அது தேவைப்படுகின்றது. ஆயினும் வாகனம் வாங்குவதற்குப் பல வருடங்கள் திட்டமிடும் நாம், அதனைப் பராமரிப்பதற்கு எவ்வளவு திட்டமிடுகின்றோம்? பற்றரி பழுதடைந்த வாகனத்தை விற்க நேரும்போது நமது நேர்மை எங்கே நிற்கின்றது? இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து கிளம்புபவை. முன்கூட்டிச் சேமிக்காதவனே பின்னர் குறையை மறைக்கத் தூண்டப்படுகின்றான்.

கைமாறி வந்த வாகனங்கள்

2010களில் கிடைத்த வரிச் சலுகைகளின் காரணமாக, ஜப்பானில் பாவித்த ஹைபிரிட் வாகனங்கள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்து சேர்ந்தன. பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் எனும் பெயர்கள் நமது வீதிகளிலும் பழக்கமாயின. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிக் கொண்டிருந்தன.

அக்காலத்தில்தான் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியும் வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாயாகியது. எரிபொருளை மிச்சப்படுத்தும் ஹைபிரிட் வாகனங்களைப் பலரும் நாடினர். ஆனால் அதே டொலர் உயர்வு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பற்றரியின் விலையையும் உயர்த்திவிட்டது. பெற்றோலில் மிச்சம் பிடித்ததை எண்ணி மகிழ்ந்தவர்களுள் பலர், பற்றரிக்கு ஒரு நாள் வரப்போகும் செலவை எண்ணிப் பார்க்கவில்லை.

பற்றரி ஏன் தேய்கின்றது?

ஹைபிரிட் வாகனமொன்றில் இரண்டு பற்றரிகள் உள்ளன என்பதை முதலில் அறிந்து கொள்ள வேண்டும். ஒன்று, எல்லா வாகனங்களிலும் உள்ளது போன்ற சிறிய 12 வோல்ட் பற்றரி. மற்றையது, மோட்டாரை இயக்கும் பெரிய பற்றரி. 2009ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வாகனத்தில் 7.2 வோல்ட் கொண்ட 28 அலகுகள் வரிசையாக இணைக்கப்பட்டு, மொத்தம் 201.6 வோல்ட் பெறப்படுகின்றது. இவற்றுள் ஓர் அலகு பலவீனமடைந்தாலும் முழுப் பற்றரியும் தடுமாறும்.

பெரிய பற்றரியின் முதற் பகைவன் வெப்பம். பிரியஸில் பின் ஆசனத்தின் அருகேயுள்ள துவாரத்தின் வழியாக ஒரு சிறு மின்விசிறி காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிரச் செய்கின்றது. தோட்டப் பாதைகளின் புழுதி அவ்விசிறியில் அடைத்துக் கொண்டால், அல்லது பொதிகளால் அத்துவாரம் மூடப்பட்டால், வெளியே எவ்வளவு குளிராக இருப்பினும் உள்ளே பற்றரி கொதிக்கும். விசிறியைச் சுத்தம் செய்வது சிறு செலவு. பற்றரியை மாற்றுவதோ பெருஞ் செலவு.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் மோட்டார் மின்னை உற்பத்தி செய்து பற்றரியில் சேமிக்கின்றது. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்த உதவி குறைந்து, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மீது விழுகின்றது. ஆகவே டொயோட்டா ஹைபிரிட்களில் உள்ள ‘பி’ கியரை இறக்கத்தில் பயன்படுத்துவது பிரேக்கையும் காக்கும், உயிரையும் காக்கும்.

மாதந்தோறும் ஒரு சிறு தொகை

செலவைப் பற்றி ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பற்றரியை மாற்ற நான்கு இலட்சம் ரூபாய் தேவையென்றும், அது எட்டு வருடங்கள் உழைக்கும் என்றும் வைத்துக் கொள்வோம். வருடத்திற்கு 50,000 ரூபாய். மாதத்திற்கு ஏறக்குறைய 4,200 ரூபாய். வருடத்திற்கு 15,000 கிலோமீற்றர் ஓடினால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் மூன்று ரூபாய்க்கு மேல் பற்றரி மட்டுமே தேய்கின்றது. உங்கள் வாகனத்திற்குரிய விலையைக் கராஜில் விசாரித்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் சகோதரர்கள் இத்தொகையை இலாபமாகக் கருதிச் செலவழித்துவிடுகின்றனர். உண்மையில் அது இலாபமன்று, வாகனத்தின் தேய்மானம். அதனை வேறாக எடுத்து வைப்பவர், எச்சரிக்கை விளக்கு எரியும் நாளில் கடன்காரரின் வாசலில் நிற்க மாட்டார்.

விற்பவரின் பொறுப்பு

இனி, நேர்மையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். எச்சரிக்கை விளக்கு எரிந்த வாகனத்தைக் கணினிக் கருவி கொண்டு பரிசோதித்தால், ‘பி0ஏ80’ போன்ற பழுதுக் குறியீடு தோன்றும். அக்குறியீட்டை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். பழுது அப்படியே இருக்கும். சில நாட்களுக்குப் பின்னர் விளக்கு மீண்டும் எரியும்போது வாகனம் வேறொருவரின் முற்றத்தில் நிற்கும். வேறு சிலர் பழுதடைந்த ஓர் அலகை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய அலகொன்றைப் பொருத்தி, “பற்றரி செய்தாயிற்று” என்று கூறி விற்கின்றனர். அவ்வாறு திருத்துவது குற்றமன்று. அதனைப் புதிய பற்றரி போலக் காட்டுவதே குற்றம்.

மதீனாவின் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் கூறினார். மழை அவருடைய குற்றமன்று. எனினும் மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்றே நபியவர்கள் வினவி, மோசடி செய்வதைக் கடுமையாக எச்சரித்தார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பற்றரி தேய்வதும் மழையைப் போன்று இயல்பானதே. அணைக்கப்பட்ட எச்சரிக்கை விளக்கோ, குவியலின் அடியில் மறைக்கப்பட்ட ஈரமாகும். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் பணத்தில் சிறிது குறையலாம், பரக்கத்தில் குறையாது.

கராஜ் உரிமையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. சிறிய 12 வோல்ட் பற்றரி பலவீனமடைந்தாலும் ஹைபிரிட் வாகனம் புறப்படாது. பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியவும் கூடும். சிறியதைப் பரிசோதிக்காமல் பெரியதை மாற்றச் சொல்வது பெரும் அநீதி. அங்கு தொழில் பழகும் இளைஞர்கள், செம்மஞ்சள் நிற வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு என்பதை மறவாது, உரிய பயிற்சியின்றி அவற்றைத் தொடாதிருக்க வேண்டும்.

வாங்குபவரும் விழிப்பாக இருத்தல் அவசியம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் பற்றரிக்கான சான்றாகாது. நீங்கள் நம்பும் ஒருவரிடம் ஒவ்வோர் அலகின் அழுத்தத்தையும் அளக்கச் செய்யுங்கள். நீண்ட ஏற்றமொன்றில் வாகனத்தை ஓட்டிப் பாருங்கள். பற்றரி எப்போது, எவ்வாறு மாற்றப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பழைய பற்றரி எங்கே போகின்றது?

புதிய பற்றரி பொருத்தியதும் நமது கடமை முடிந்துவிடுவதில்லை. சாதாரண 12 வோல்ட் பற்றரியினுள் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதனை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவோர், தமது பிள்ளைகளுக்கே நஞ்சூட்டுகின்றனர். உடையில் ஒட்டிய தூசி மட்டுமே போதும், அது வீட்டினுள் வந்து சேர.

அமிலத்தைக் கானில் ஊற்றினால் அது எங்கே செல்லும்? டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் நீரோடைகள் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களின் வழியாகக் களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்களின் குடிநீர் அக்கங்கையிலிருந்தே அம்பத்தளையில் பெறப்படுகின்றது. அக்கரப்பத்தனை, தலவாக்கலை நீரோடைகளோ மகாவலியைச் சென்றடைகின்றன. மலையின் உச்சியில் வாழும் நாம், கீழே வாழும் இலட்சக்கணக்கானோரின் நீருக்குக் காவலர்கள். எனவே பழைய பற்றரியைப் பிரிக்காமல், அமிலத்தைக் கொட்டாமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படையுங்கள். பெரும்பாலான கடைகள் அதற்கென விலையில் ஒரு தொகையைக் கழிக்கின்றன. ஹைபிரிட் பற்றரியையும் அதனை மாற்றும் நிலையத்திலேயே கையளியுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு வாகனச் சாவியைக் கொடுக்கும் நாளில், பராமரிப்புச் செலவை எழுதும் ஒரு கொப்பியையும் கொடுங்கள். சேர்விஸ் செய்த திகதி, விசிறி சுத்தம் செய்த திகதி, பற்றரிக்கென ஒதுக்கிய தொகை ஆகியவற்றை அவர் அதில் எழுதட்டும். ஒரு நாள் வாகனத்தை விற்கும்போது அக்கொப்பியை வாங்குபவரின் கையில் தயக்கமின்றிக் கொடுக்க அவரால் முடியுமாயின், அந்த அமானிதம் பேணப்பட்டுவிட்டது என்று நாம் ஆறுதல் அடையலாம்.

நமது உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் நேர்மையை நிலைக்கச் செய்து, அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.