பெயர் தெரியாத வாயுவை அறிவது எப்படி?

மலரை மணத்தால் அறியலாம். குயிலைக் குரலால் அறியலாம். கண்ணுக்கே தெரியாத வாயுவை எதனால் அறிவது? அதற்கும் வழி உண்டு, தோழியரே!

ஒரு சோதனைக் குழாயில் பெயர் தெரியாத வெண்ணிற உப்பு சிறிது இருப்பதாகக் கொள்வோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டதும் அது நுரைத்துப் பொங்குகிறது. வெளிவரும் வாயு எது?

முதலில் நிறத்தையும் மணத்தையும் கவனிக்க வேண்டும். குழாயை மூக்கருகே கொண்டு செல்லலாகாது. தள்ளிப் பிடித்து, கையால் மெல்ல விசிறியே முகர வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது ஹைட்ரஜன் சல்பைடு. இந்த நச்சு வாயு மிகுந்தால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே மூக்கை மட்டும் நம்புவது ஆபத்து.

நமது வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுத்து, எரியும் குச்சியைக் குழாயின் வாயருகே காட்டுவோம். ஹைட்ரஜனாயின் ‘பட்’டென்ற ஒலியுடன் எரியும். பிராணவாயுவாயின் சுடர் பிரகாசிக்கும். நமது குச்சியோ அணைந்துவிடுகிறது. உடனே ‘கரியமிலவாயு’ என்று எழுதிவிடலாமா? கூடாது. நைட்ரஜனும் தீயை அணைக்குமே!

எனவே வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்துவோம். நீர் பால்போல் வெளுக்கிறது. நீரில் கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாவதே காரணம். நாம் விடும் மூச்சிலும் கரியமிலவாயு உண்டென்பதை, ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 18-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு நீரைக் கொண்டே காட்டினார்.

இங்கும் ஒரு பொறி இருக்கிறது. கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரை வெளுக்கச் செய்யும். ஆனால் அதற்கு மூச்சுமுட்டும் நெடி உண்டு. அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த ஆரஞ்சு நிறத் தாளை அது பச்சையாக்கும். நமது தாள் நிறம் மாறவில்லை. இப்போது துணிந்து சொல்லலாம்: வாயு கரியமிலவாயு, உப்பு ஒரு கார்பனேட் அல்லது பைகார்பனேட்.

ஒரு பெயருக்காக இத்தனை சோதனைகளா என்று சிலர் கேட்கலாம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு, போபால் நகரில் ஓர் ஆலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. மருத்துவமனைக்கு ஓடிவந்த மக்களுக்குத் தாங்கள் சுவாசித்தது எதுவென்று தெரியவில்லை. சிகிச்சையளித்த டாக்டர்களுக்கும் அது தெளிவாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வாயுவின் பெயர் தெரிந்தால்தான் தக்க மருந்து தேட முடியும்.

வீட்டிலும் எச்சரிக்கை தேவை. குளியலறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். இதைத் தாய்மார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே அடையாளத்தைக் கண்டு முடிவு கட்டாமல், பொறுமையுடன் பல வழிகளில் சோதித்து உண்மையை அறிவதே விஞ்ஞானம். இறைவன் நமக்கு அளித்த அறிவை அவ்வாறே பயன்படுத்துவோமாக!