நின்றுபோன புகையிலையும் நுகர்வோர் உரிமையும்

பருத்தியும் மிளகாயும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமியாகிய குருவிகுளம் வட்டாரத்தில் சுங்கான் (பைப்பு) பிடிப்பவர்களின் தொகை மிகச் சொற்பமே. பட்டாளத்திலோ கப்பலிலோ இலங்கைத் தோட்டங்களிலோ உத்தியோகம் பார்த்துத் திரும்பிய முதியவர்கள் சிலரும், அவர்கள் கையில் அதைப் பார்த்து அதில் ஏதோ ஒரு கம்பீரம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட இளைஞர்கள் சிலருமாக, சங்கரன்கோவிலையும் கோவில்பட்டியையும் சேர்த்து எண்ணினாலும் ஒரு சிறு கூட்டந்தான் தேறும். ஆயினும் கைத்தொலைபேசி வந்த பிறகு, லண்டன்வாசிக்கு எந்தத் தூண்டில் வீசப்படுகிறதோ அதுவே குருவிகுளத்துக்காரருக்கும் வீசப்படுகிறது. “இந்தக் கலவை இனி உலகத்தில் எங்கும் கிடைக்காது, என்னிடம் இருப்பவை கடைசி நான்கு டப்பாக்கள், இன்று இரவுக்குள் பணம் அனுப்பினால் ஒன்று உங்களுக்கு” என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வருகிற செய்தியை நம்பிப் பணம் அனுப்புகிறவர், அந்தப் பணத்தோடு கூடவே, சட்டம் தமக்கு அளித்திருக்கும் உரிமைகளில் பெரும்பகுதியையும் தம்மை அறியாமலே கைவிட்டுவிடுகிறார்.

அந்தச் செய்தி முழுக் கட்டுக்கதையாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்திலிருந்த மெக்லெலண்ட் கம்பெனி 2018-இல் தன் தொழிலையே நிறுத்திக்கொண்டது. அதன் கலவைகள் அத்துடன் முடிந்தன. அதே ஆண்டில் டன்ஹில் என்ற பிரசித்தி பெற்ற பெயரும் பைப்புப் புகையிலை வியாபாரத்திலிருந்து விலகியது. ஆனால் அதன் கலவைகள் 2019-இல் பீட்டர்சன் என்ற வேறு பெயர் தாங்கிய டப்பாக்களில் மீண்டும் கடைக்கு வந்துவிட்டன. பால்கன் சொப்ரானி என்ற பழைய ஆங்கிலக் கலவையோ வெகு காலம் மறைந்திருந்து, 2011-இல் ஜெர்சித் தீவைச் சேர்ந்த ஜெர்மெய்ன் நிறுவனத்தாரின் கையால் புனர்ஜன்மம் எடுத்தது. அதே நிறுவனத்தார் சிறுசிறு தொகுதிகளாகவே தயாரிக்கிற சில கலவைகள் கடைக்கு வந்த மாத்திரத்தில் தீர்ந்துபோவதும், வாங்கியவர்களில் சிலர் அவற்றை மறுநாளே அதிக விலைக்கு விற்க முற்படுவதும் மேல்நாட்டில் சர்வசாதாரணம். ஆகவே, “இனி இல்லவே இல்லை” என்ற வாக்கியம் சில சமயம் உண்மையாகவும், பல சமயம் பாதி உண்மையாகவும் இருக்கிறது; எது எப்படி என்று விசாரித்தறிய வாங்குபவருக்கு அவகாசம் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே “இன்று இரவுக்குள்” என்ற நிர்ப்பந்தம் அதனோடு சேர்க்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான சரித்திரம் உண்டு. உறையூரில் சுற்றப்பட்டு ‘ட்ரிச்சினாப்பொலி’ என்ற பெயரில் கடல் கடந்த சுருட்டு, 1887-இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நவீனத்தில், கொலைகாரனைக் கண்டுபிடிக்க உதவும் சாம்பலாக இடம்பெறும் அளவுக்குப் பிரபலமாக இருந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியார் நடத்திய சுருட்டுத் தொழிற்சாலையும் அவ்வாறே பேர்பெற்றுப் பிற்பாடு ஓய்ந்தது. அக்காலத்து மரப்பெட்டி ஒன்று இன்று யாரிடமாவது அகப்படுமானால் அதைச் சரித்திரப் பொருளாகப் பாதுகாப்பது நியாயமே. பெட்டிக்குள் இருக்கும் இலைக்கும் அதே மதிப்பைக் கொடுத்துப் புகைத்துப் பார்க்க விரும்புவது எனக்குச் சற்று விபரீதமாகவே படுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சிகரெட்டுகள் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் பற்றிய 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டையும் பீடியையும் மட்டுமே குறித்தது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அதன் அட்டவணையில் சுருட்டு, மூக்குப்பொடி, ஹூக்காப் புகையிலை ஆகியவற்றோடு பைப்புப் புகையிலையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே இந்தியாவில் விற்கப்படுகிற அல்லது விற்பனைக்கென இறக்குமதியாகிற ஒவ்வொரு டப்பாவிலும், 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, முகப்பின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருந்தாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அடைக்கப்பட்டு, எவ்வித ஒட்டுச் சீட்டும் இல்லாமல் பளபளவென்று படத்தில் தோன்றுகிற டப்பாவில் அந்த எச்சரிக்கை இருக்க வழியில்லை. விற்பவர் அதை எவ்வளவு பெரிய பொக்கிஷமாக வர்ணித்தாலும், இங்கே அதைக் காசுக்கு விற்பதே குற்றம். எந்த ஊடகத்திலும் புகையிலையை விளம்பரம் செய்யலாகாது என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறபடியால், அந்தப் பளபளப்பான படத்தைப் பொதுவில் பரப்புவதும் குற்றத்தில் சேரும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்ற 6-ஆம் பிரிவின் விதி கடைக்காரர் முகம் பார்த்து விற்கும் இடத்தில் ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. தொலைபேசி வழியாக விற்கிறவர் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்? சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கப்படலாம் என்பதைத் தகப்பனார் பெயரால் பிள்ளைகளின் தொலைபேசியில் இவ்வகைப் பொருளைத் தருவித்துக்கொள்ளும் குடும்பத்தார் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

பெரிய வணிகத் தளங்கள் பல, தம் கொள்கையாகவே புகையிலையை விலக்கி வைத்திருக்கின்றன. அதனால்தான் இந்த வியாபாரம் தனிப்பட்ட குழுக்களுக்குள்ளும் உட்பெட்டிச் செய்திகளுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. நுகர்வோரின் உரிமை நழுவுகிற இடமும் அதுவே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், வணிகத் தளம் நடத்துவோர் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பரிகாரம் காண வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆனால் வழக்கமான வியாபாரமாக அல்லாமல், தனிநபர் ஒருவர் தம் சொந்த நிலையில் எப்போதோ செய்கிற காரியத்துக்கு இந்த விதிகள் பொருந்தமாட்டா என்று அவற்றிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. “நான் வியாபாரி அல்லன், என் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்று தருகிறேன்” என்று விற்பவர் கூறுகிறபோது, அது பண்பான பேச்சாக நம் காதில் விழுகிறது. அப்பேச்சினாலேயே அவர் இவ்விதிகளின் எல்லைக்கு வெளியே போய் நின்றுகொள்கிறார்.

வாங்குபவர் பக்கத்திலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுபடி விற்பதற்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற இலக்கணத்திலிருந்து நீக்கிவிடுகிறது. ஆறு டப்பா வாங்கி ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தை விலை ஏறியபின் விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர், பிற்பாடு ஏமாந்தபோது நுகர்வோர் ஆணையத்தின் வாசலில் நின்று முறையிட முடியாமற் போகலாம். இலாபம் வைத்து விற்கப்போவதாகத் தாமே எழுதியிருந்த செய்தி எதிர்த்தரப்பின் கையில் சாட்சியாக இருக்கும்.

உள்ளே இருக்கும் பொருளின் நிலைமையோ வேறொரு சிக்கல். வர்ஜீனியா இலை நன்றாக மூடிய டப்பாவில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் பக்குவப்படும் என்று சேகரிப்போர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், தகரத்தில் ஊசிமுனை அளவு துரு விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது சருகாகிப்போகும். ஈரம் புகுந்தால் பூசணம் பூக்கும். திறந்து பார்த்தால் விலை போய்விடும் என்பதால் வாங்கியவர் திறப்பதே இல்லை. திறக்காதவரை மோசடி வெளிப்படுவதும் இல்லை. பழைய டப்பாவில் சாதாரணப் புகையிலையை நிரப்பி மூடி அனுப்புகிறவனுக்கு இதைவிட அனுகூலமான வாடிக்கையாளர் யார் இருக்க முடியும்? பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், நிகர எடையும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலையும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்கின்றன. இறக்குமதியாளர் பெயர் இல்லாத அயல்நாட்டு டப்பா, சுங்கம் கட்டாமல் வந்ததாக இருக்கலாம் என்று சந்தேகிக்க அது ஒன்றே போதும். அத்தகைய சரக்கைச் சுங்கச் சட்டம் பறிமுதல் செய்ய வகைசெய்கிறது. பறிமுதலுக்குரியது என்று தெரிந்தே அதைக் கைவசம் வைத்திருப்பவருக்கு அபராதமும் உண்டு.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருகிற உறவினரிடம் சொல்லி அனுப்புகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுப் பயணச் சுமை விதிகள் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று வகுத்த புகையிலையின் அளவு 125 கிராம். 50 கிராம் டப்பா இரண்டு அதற்குள் அடங்கும், மூன்றாவது அடங்காது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், புறப்படும் முன் சுங்க இலாகாவின் தளத்தில் நடப்பு அளவைப் பார்த்துக்கொள்வது உறவினருக்கு நாம் செய்யும் உபகாரமாகும். அஞ்சலில் பரிசுப் பொருளாக அனுப்பச் சொல்வதும் பயன்படாது. 2019 டிசம்பரிலிருந்து, உயிர் காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் நீங்கலாக, பரிசு என்ற பெயரில் அஞ்சலிலும் கூரியரிலும் இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது மோசடி ஒளிந்திருக்கிறது. பணம் அனுப்பிச் சில நாள் கழித்து, “உங்கள் பார்சல் சுங்கத்தில் பிடிபட்டிருக்கிறது, விடுவிக்க இவ்வளவு தொகை உடனே கட்ட வேண்டும், தவறினால் கைது” என்று அதிகாரத் தோரணையில் அழைப்பு வரும். சட்ட விரோதமான ஒன்றைத் தருவித்தோமோ என்ற குற்ற உணர்ச்சி ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருப்பவர் இதற்கு மிக எளிதில் பணிந்துவிடுகிறார். சுங்க இலாகா தனிநபரின் கணக்குக்குத் தொலைபேசி வழியே பணம் கேட்பதில்லை. அதன் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும். அது மெய்யானதா என்பதை மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் எவரும் சோதித்துப் பார்க்கலாம். தொலைபேசியிலேயே கைது செய்கிற ஏற்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை.

ஏமாந்துவிட்டவர் செய்ய வேண்டியது என்ன? எல்லாவற்றுக்கும் முதலாவதாக, வெட்கத்தை ஒதுக்கிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்கு முன் அதை வழியில் நிறுத்திவைக்க முடிகிற நேரம் மிகக் குறுகியது. வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வங்கி பொறுப்பேற்கும் என்று பலர் நம்பியிருப்பது, நமக்குத் தெரியாமல் பிறர் நம் கணக்கிலிருந்து எடுத்ததைப் பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி. நாமே விரும்பி அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டாது. செய்திகள், படங்கள், பணம் சென்ற கணக்கின் விவரம், பார்சலைப் பிரித்தபோது எடுத்த காணொளி ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, உள்ளூர்க் காவல் நிலையத்திலோ மாவட்டச் சைபர் குற்றப் பிரிவிலோ எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 318-ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. வாங்க நினைத்த பொருள் புகையிலை என்பதனால் மோசடி செய்தவன் தப்பித்துக்கொள்வதில்லை. நாம் புகார் செய்யக் கூசுவோம் என்பதையே அவன் மூலதனமாகக் கொண்டிருக்கிறான்.

விற்றவர் பில் கொடுத்த, விலாசம் உள்ள வியாபாரியாக இருந்தால் வழி இன்னும் எளிது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் முதற்படி. அது பலிக்காவிடில், விற்றவர் தில்லியில் இருந்தாலும் கோவாவில் இருந்தாலும், புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய சௌகரியம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். இணையம் வழியாகவும் செய்யலாம்.

புகையின் தன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைப்பின் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆதலால் தீங்கில்லை என்ற பழைய நம்பிக்கை ஆதாரமற்றது. வாய், உதடு, தொண்டை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம் என்பது மருத்துவ உலகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. இலையின் வயது ஏறுவதால் அந்த விஷம் குறைவதும் இல்லை. பழக்கத்தை விட விரும்புவோருக்காக அரசாங்கம் நடத்துகிற 1800-11-2356 என்ற கட்டணமில்லாத உதவி எண் 2018 செப்டம்பரிலிருந்து முறைப்படி விற்கப்படுகிற புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சிடப்பட்டு வருகிறது. கள்ளத்தனமாக வருகிற டப்பாவில் அந்த எண்ணும் இருப்பதில்லை.